மாப்பிள்ளைக்கு வேர்க்காது

நர்சிங் படித்து முடித்து, பரீட்சை எழுதி, பதிவு எண் வாங்கி, வெள்ளைச் சீருடை தைத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் நாள், மனிதர்கள் யாரையும் தொடக் கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டார்கள்.

போட்டவர் ஆஸ்பத்திரியின் பயிற்சித் துறைத் தலைவி. எல்லாரும் அவரைப் பயிற்சி மேடம் என்பார்கள். பெரிய கருத்தரங்கக் கூடம் அது. அதில் அன்றைக்கு நான் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"கல்லூரியில் படித்ததையெல்லாம் வாசலிலேயே விட்டுவிடுங்கள். கல்லூரி வேறு, பணி வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. அதன்மேல் பாலம் கட்டுவதுதான் எங்கள் துறையின் வேலை. பத்து வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்."

பிறகு மேடையிலிருந்து இறங்கி வந்து என் கையில் ஒரு மஞ்சள் பட்டையைக் கட்டினார். மறுபடி மேடைக்குப் போய்த் தொடர்ந்தார்.

"இந்தப் பட்டை இருக்கும்வரை எந்த நோயாளியும் உங்களிடம் எதுவும் கேட்கமாட்டார். கேட்டாலும் நீங்கள் செய்யக் கூடாது. மனித உடல் நிச்சயமில்லாதது. திடீரென்று எதையாவது செய்துவிடும். பயிற்சிக்கு ஏற்றதல்ல."

"அப்போ நான் யாரைப் பார்த்துக்கணும், மேடம்?"

என் குரல் எனக்கே கேட்காது. அவர் மைக்கை என் பக்கம் நீட்டினார். மறுபடியும் கேட்டேன். கேள்வி கூரையிலிருந்து இறங்கி வந்தது. எனக்குக் காது சிவந்துவிட்டது.

"உங்களுக்கென்றே ஒரு நோயாளியை ஒதுக்கியிருக்கிறோம்" என்றார் மேடம். "மூன்று மாதம். கடைசியில் ஒரு தேர்வு. அதில் தேறியவர்கள் நம் நிறுவனத்தின் பெருமை."

"தேறாதவங்க?"

"தேறாதவர்களைப் பற்றி இந்தத் துறை பேசுவதில்லை."

அதற்குமேல் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. தேறாவிட்டால் வேலை போய்விடும் என்று நானே புரிந்துகொண்டேன்.

எனக்கு ஒதுக்கிய நோயாளி ரப்பர் தோல் போட்ட ஒரு பொம்மை. மட்டமான பொம்மை என்று சொல்ல முடியாது. மார்பு ஏறி இறங்கும். மணிக்கட்டில் நாடி துடிக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் இதயம் நின்றுபோகும், இன்னொன்றை அழுத்தினால் இருமும். பயிற்சிக் கூடத்தில்தான் அது இருந்திருக்க வேண்டும். அங்கே பட்டமளிப்பு விழா நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதனால் ஆண்கள் வார்டில் ஒரு கட்டில் கொடுத்தார்கள். கட்டில் கொடுக்க வேண்டுமானால் கம்ப்யூட்டரில் நோயாளியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்தார்கள். ஆண், வயது நாற்பத்தைந்து, திருமணம் ஆகாதவர்.

வார்டில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். ஜன்னலோரக் கட்டில், தினமும் துவைத்த விரிப்பு, தலைமாட்டில் ஓர் ஆள், வேலை என்று எதுவும் கிடையாது. வேறு பெயர் வைத்திருக்க முடியாது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைவதற்குள் அம்மா கேட்டாள்.

"எத்தனை பேருக்கு ஊசி போட்டே?"

"ஒருத்தருக்கு."

"ஒருத்தருக்குத்தானா? சரி, முதல் நாள். வலிச்சுதாமா அவருக்கு?"

"ஒண்ணும் சொல்லலை."

"உன் கை அப்படிடீ. பூ மாதிரி. எதிர்வீட்டுல சொல்லிட்டு வரேன் இரு."

நான் அவளைத் தடுக்கவில்லை. கல்லூரியில் நாங்கள் நோயாளிகளைப் பார்த்ததுண்டு. ஆனால் எப்போதும் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆசிரியை நிற்பார். நாடி பிடிப்பது நாங்கள், பொறுப்பு அவருக்கு. இனி என் பொறுப்பில் ஒரு மணிக்கட்டு கிடைக்கும், விரலை வைத்ததும் அந்த மனிதர் இன்று எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் வேலைக்கு வந்தேன். அதற்கு முதலில் மாப்பிள்ளையைத் தாண்ட வேண்டும்.

மாப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கு முறை இருந்தது. கட்டிலருகே போனதும் வணக்கம் சொல்லி, நான் யார் என்று சொல்ல வேண்டும். உங்கள் பெயர் என்ன என்று கேட்க வேண்டும். மேடம் தன் அறையிலிருந்து மைக் வழியாக மாப்பிள்ளையின் குரலில் பதில் சொல்லுவார் என்பது ஏற்பாடு. ஸ்பீக்கர் ஒயர் அறுந்து வெகு நாளாகிவிட்டது. அதனால் கேட்டுவிட்டு, ஒருவர் பதில் சொல்ல ஆகும் நேரம் காத்திருந்து, "நன்றி, புரிந்தது" என்று சொல்ல வேண்டும். காத்திருப்பதற்குத் தனி மதிப்பெண். அதில் நான் நன்றாகவே வாங்கினேன். மனிதர்களிடம் பேசும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மாப்பிள்ளையிடம் அந்தச் சிரமம் இல்லை.

இதையெல்லாம் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒருவர் வாய் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி டிரைவர். சர்க்கரை வியாதி. காலில் புண் வைத்து, அதைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். ஓட்ட முடியாததால் பேசினார்.

"என்ன பாப்பா, மாப்பிள்ளை பேர் சொன்னாரா?"

"சொல்லிட்டாருங்க."

"எனக்குக் கேக்கலையே."

"எனக்கும் கேக்கலை. ஆனா புரிஞ்சுது."

"சம்சாரம்னா இப்படி இருக்கணும்" என்று அவர் தன் மனைவியிடம் சொன்னார். மனைவி கட்டிலின் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். "நீ சொன்னதெல்லாம் புரிஞ்சதாலதான் இந்தக் கோலத்துல இருக்கேன்" என்றார் அந்த அம்மா.

வார்டைப் பார்த்துக்கொண்டது வார்டு அக்காவும் இன்னும் இரண்டு நர்ஸ்களும். மூன்று பேரும் நடந்து நான் பார்த்ததில்லை, ஓடித்தான் பார்த்திருக்கிறேன். அக்கா ஒரு வாக்கியத்தை வாசல் பக்கம் ஆரம்பித்தால் ஜன்னல் பக்கம் முடிப்பார். நடுவில் படுத்திருப்பவர்களுக்கு நடு வார்த்தைகள் மட்டும் கிடைக்கும். அந்த ஓட்டத்துக்கு நடுவே நான் நாற்காலி போட்டு மாப்பிள்ளைக்கு நகம் வெட்டிக்கொண்டிருப்பேன். அவருக்கு நகம் வளராது. வெட்டுவது முதல் மாதப் பாடத்தில் இருந்தது.

ஒரு நாள் டிரைவர் கேட்டார். "பாப்பா, கொஞ்சம் தண்ணி எடுத்துக் குடும்மா. இவ கீழே மருந்து வாங்கப் போயிருக்கா."

நான் மஞ்சள் பட்டையைக் காட்டினேன். "எனக்கு அனுமதி இல்லீங்க."

"தண்ணி குடுக்கக்கூடவா?"

"அது ரெண்டாம் மாசப் பாடம்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்படவில்லை. வழியில் பஞ்சராகி நிற்கும் வண்டியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. பிறகு ஒரு யோசனையும் வந்தது. மாப்பிள்ளைக்குத் தண்ணீர் வைக்க அனுமதி உண்டு. ஒரு டம்ளரில் ஊற்றி, மாப்பிள்ளைக்கும் டிரைவருக்கும் பொதுவான சிறு மேஜையில், டிரைவருக்குக் கை எட்டும் ஓரமாக வைத்தேன்.

"மாப்பிள்ளை, தண்ணி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். திரும்பும்போது டம்ளர் காலி.

"உன் மாப்பிள்ளைக்கு நல்ல தாகம்" என்றார் டிரைவர், வாயைத் துடைத்துக்கொண்டே.

வினை அங்கே ஆரம்பித்தது. கம்ப்யூட்டரில் இருக்கும் எல்லா நோயாளிக்கும் சமையலறையிலிருந்து சாப்பாடு வரும். மாப்பிள்ளைக்கும் மூன்று வேளையும் தட்டு வந்தது. கூட இருப்பவர்களுக்குச் சாப்பாடு கிடையாது. டிரைவர் சம்சாரம் காலையில் வீட்டில் எதையோ மென்றுவிட்டு வந்தால் இருட்டும்வரை பச்சைத் தண்ணீர்தான். நான் தட்டையும் மேஜையின் அதே ஓரத்தில் வைக்க ஆரம்பித்தேன்.

"உப்பே இல்லை" என்பார் அந்த அம்மா. ஆனால் மிச்சம் வைக்கமாட்டார்.

நோயாளி என்ன சாப்பிட்டார், என்ன வெளியேறியது என்று எழுதி வைப்பது எங்கள் தொழிலில் தினசரி வேலை. தட்டு காலியாக இருந்ததால் "முழுவதும் சாப்பிட்டார்" என்று எழுதினேன். வெளியேறியது என்ற இடத்தில் கோடு போட்டேன். இரண்டுமே உண்மை. முதல் வாரம் பயிற்சி மேடம் "பசி நன்றாக இருக்கிறது" என்று எனக்கு நட்சத்திரம் போட்டார். அடுத்த வாரம் கம்ப்யூட்டர் சிவப்பு விளக்கைக் காட்டியது. ஆள் மூன்று வேளையும் சாப்பிடுகிறார், வெளிக்கே போகவில்லை.

டாக்டர் வந்தார். இளவயசுக்காரர், கண்ணுக்குக் கீழே கருவளையம். மாப்பிள்ளையின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது.

"சார், இது பொம்மை" என்றேன்.

"தெரியும்மா. நானும் கண்ணு தெரிஞ்ச ஆளுதான்" என்றார் அவர். "ஆனா இந்தச் சிவப்பு விளக்குக்கு நான் ஏதாவது பதில் போட்டாத்தான் அடுத்த நோயாளியோட பக்கம் திறக்குது. பேதி மருந்து எழுதறேன். குடுத்துரு."

கொடுத்தேன். மருந்து வாயில் போய்க் கால் வழியாக வெளியே வந்தது. அது நோயாளியிடமிருந்து வெளியேறியதாகாது, கருவியின் கசிவு என்றார் மேடம். மருந்தை இரண்டு மடங்காக்கினார்கள். உணவுத் துறைக்காரர் வந்து நார்ச்சத்தைக் கூட்டினார். டிரைவர் சம்சாரம் நிறையப் பழம் சாப்பிட்டார். விளக்கு இன்னும் சிவப்பானது. கடைசியில் தலைமை சர்ஜன் தன் பரிவாரத்தோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்.

"நான் இருபத்தைந்து வருடமாக வயிறுகளைத் திறந்து வருகிறேன்" என்றார். "திறக்காமல் எந்த வயிற்றைப் பற்றியும் நான் கருத்துச் சொன்னதில்லை. நோயாளி எதிர்ப்பு ஏதும் தெரிவித்தாரா?"

"இல்லீங்க சார்."

"உறவினர்கள்?"

"யாரும் இல்லீங்க."

"அருமை. வியாழக்கிழமை வைத்துக்கொள்ளலாம்."

"ஐயா" என்றார் பக்கத்துக் கட்டிலிலிருந்து டிரைவர். "அறுக்கவே வேணாம். இடுப்புக்கிட்ட நாலு ஸ்குரு இருக்கு. கழட்டினா மூடி தனியா வந்துரும்."

சர்ஜன் அவரைப் பார்க்கவில்லை. "இந்த நோயாளிக்கு மனநலப் பரிசோதனை எழுதுங்கள்" என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் டிரைவர் சம்சாரம் தட்டைத் தொடவில்லை. "வேணாம் கண்ணு" என்றார். "நான் தின்னதுக்கு அந்தப் புள்ளை வயித்தைக் கிழிக்கணுமா? பொம்மையா இருந்தா என்ன, பாவம் பாவந்தானே."

"நீங்க சாப்பிடுங்கம்மா."

"ஏன், நீ எழுதேன். போனான்னு எழுதிட்டா முடிஞ்சுது. நானும் போயிட்டுத்தானே வரேன், பொய்யில்லையே."

நான் யோசித்தேன். சாப்பிட்டவர் போயிருக்கிறார். கணக்கு நேராகத்தான் இருந்தது. எழுதினேன்.

ஆஸ்பத்திரி முழுக்க நிம்மதி பரவியது. விளக்கு பச்சையானது. அறுவை சிகிச்சை ரத்தானது. சர்ஜன் இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. "கத்தி வைக்காமல், தாதியின் பராமரிப்பால் மட்டுமே குணமான நாள்பட்ட மலச்சிக்கல்" என்று பயிற்சி மேடம் ஒரு கட்டுரை எழுதி இயக்குநருக்கு அனுப்பினார். இயக்குநர் நெகிழ்ந்துபோனார். நோயாளிகளின் திருப்தியைக் கணக்கெடுத்துப் பார்த்ததில் மாப்பிள்ளைதான் முதலிடம் என்பதும் அப்போது தெரியவந்தது. ஒரு முறைகூட மணி அடித்ததில்லை. ஒரு புகார் இல்லை. முன்மாதிரி நோயாளி விருதை அவருக்குக் கொடுப்பதென்றும், இயக்குநரே வார்டுக்கு வந்து கொடுப்பார் என்றும், என் தேர்வையும் அவர் முன்னிலையிலேயே வைத்துக்கொள்வதென்றும் முடிவானது.

"மாப்பிள்ளையோட இதயம் நிக்கும். நீ திரும்ப ஓட வைக்கணும், அவ்வளவுதான்" என்றார் மேடம். மைக் இல்லாதபோது அவர் சாதாரணமாகத்தான் பேசுவார். "கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பாதே. பாஸாயிட்டேன்னு வச்சுக்கோ."

வீட்டில் அம்மா என் சீருடையை இரண்டு முறை இஸ்திரி போட்டாள். "பெரியவங்க முன்னாடி நல்லா வாயைத் திறந்து பேசு. வேலை நிரந்தரமானா முதல் வேலையா உனக்கு நல்ல செருப்பு வாங்கணும்" என்றாள்.

விழா அன்று காலை வார்டு பளபளவென்று இருந்தது. கூட இருப்பவர்கள் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள், பார்வைக்கு நன்றாக இருக்காது என்று. வார்டு அக்காவையும் மற்ற இரண்டு நர்ஸ்களையும் வாசலில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள், வரவேற்க. சாப்பாட்டு வண்டியைக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள், இயக்குநர் வரும் வழியில் குறுக்கே நிற்கக் கூடாது என்று. அதற்கு முன்பே அக்கா வழக்கம்போல் டிரைவருக்கு இன்சுலின் போட்டிருந்தார். போட்ட கொஞ்ச நேரத்தில் சாப்பாடு வரும் என்பது வழக்கம்.

இயக்குநர் வரத் தாமதமானது. வந்தார். பின்னால் பயிற்சி மேடம், சர்ஜன், ஸ்டாப்வாட்ச்சோடு ஒருவர், கேமராவோடு ஒருவர், பழச்சாறுத் தட்டோடு ஒருவர். இயக்குநர் மாப்பிள்ளையின் கட்டில் கம்பியில் கை வைத்து நின்று பேசினார்.

"நண்பர்களே, இந்த நோயாளியைப் பாருங்கள். எப்போது சாப்பாடு வரும் என்று இவர் கேட்டதில்லை. டாக்டர் எங்கே என்று கேட்டதில்லை. இரவில் முனகியதில்லை. எத்தனையோ ஊசிகள் போட்டிருக்கிறோம், ஒரு முகச்சுளிப்பு உண்டா? கட்டடம் இருக்கிறது, கருவிகள் இருக்கின்றன, நிபுணர்கள் இருக்கிறார்கள். இவ்வளவும் இருந்தும் நாம் ஏன் பின்தங்கியிருக்கிறோம் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. இன்று எனக்கு விடை கிடைத்துவிட்டது. நமக்கு வாய்க்கும் நோயாளிகள் சரியில்லை."

கைதட்டினார்கள். மேடம் பொத்தானை அழுத்தினார். மாப்பிள்ளையின் திரை நேர்க்கோடாகி ஊளையிட்டது. ஸ்டாப்வாட்ச் ஓடியது. நான் இரண்டு கைகளையும் கோத்து அவர் மார்பில் வைத்து அமுக்க ஆரம்பித்தேன்.

அமுக்கும்போது ஏதோ குறைவதுபோல் இருந்தது. என்னவென்று முதலில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு பேச்சும் வரவில்லை. இயக்குநரின் இந்தப் பேச்சுக்கு டிரைவர் ஒன்றுமே சொல்லாமல் இருக்க முடியாது.

கண்ணைத் திருப்பினேன். அவர் மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. சட்டை நனைந்து மார்போடு ஒட்டியிருந்தது. வலது கை காற்றில் எதையோ பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

"கியர் விழல" என்று முணுமுணுத்தார். "விழ மாட்டேங்குது."

நான் மாப்பிள்ளையை விட்டுவிட்டேன். தீர்மானம் பண்ணியெல்லாம் விடவில்லை. கை தானாகப் போய்விட்டது. டிரைவரின் மணிக்கட்டைப் பிடித்தேன். சில்லென்று ஈரமாக இருந்தது. நாடி தாறுமாறான வேகத்தில் குதித்தது. வார்டுக்கே சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்றுதான், அது அக்காவின் பையில் வாசலில் நின்றது. மாப்பிள்ளைக்குப் புத்தம்புதிதாக ஒன்று இருந்தது. அதை எடுத்து டிரைவரின் விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை அடிமட்டத்தில் இருந்தது.

"ஐயா, என்னைப் பாருங்க. முழுங்க முடியுமா? எச்சில் முழுங்குங்க."

முழுங்கினார். நான் திரும்பி, இயக்குநருக்காக வைத்திருந்த பழச்சாற்றைத் தட்டிலிருந்து எடுத்தேன். டிரைவரை நிமிர்த்தி உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தேன். முழுக்கக் குடித்தார். அடுத்து மேடத்துக்கான பழச்சாற்றை எடுத்தேன்.

"அக்கா" என்று கத்தினேன். "சாப்பாட்டு வண்டியை உள்ளே விடச் சொல்லுங்க."

அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. மைக்கில் வந்தது போலவே இருந்தது. அக்கா வரிசையை விட்டு ஓடி வந்தார். வண்டியும் வந்தது. பின்னாலேயே டிரைவர் சம்சாரம் வந்தார்.

இதற்கிடையில் மாப்பிள்ளை இறந்துவிட்டார். மேடம் கடிகாரத்தைப் பார்த்து, தழுதழுத்த குரலில் நேரத்தைச் சொன்னார். சிறிது நேரம் மௌனம் காத்தார்கள். விருதை மறைவுக்குப் பிறகு வழங்கும் விருதாக இயக்குநர் அறிவித்தார். வாங்கிக்கொள்ள உறவினர் யாராவது வேண்டும் என்றார் கேமராக்காரர். அழுதுகொண்டிருந்த ஒரே ஆள் டிரைவர் சம்சாரம்தான். கேடயத்தை அவர் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். டிரைவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"எனக்கு என்னாச்சு? எதுக்கு உனக்குப் பிரைஸ்?" என்றார்.

"நீ பொழைச்சுக்கிட்டதுக்குத்தான், வேற எதுக்கு" என்று அந்த அம்மா கேடயத்தாலேயே அவர் தோளில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார்.

கம்ப்யூட்டரில் இறப்பு ஏறிவிட்டதால் பிணவறை ஊழியர் தள்ளுவண்டியோடு வந்து சேர்ந்தார். மாப்பிள்ளையைத் தூக்கிப் பார்த்து, "என்ன இவ்வளவு லேசா இருக்காரு, சரியா சாப்பாடு போடலையா?" என்று கேட்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் முன்னால் போக, அடுத்த மாதம் புதிதாகச் சேர்பவர்களுக்கு வேண்டும் என்று மேடம் பின்னாலேயே ஓடினார். மேடம் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் விசாரணை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மேடம், சர்ஜன், ஸ்டாப்வாட்ச்காரர். இந்தப் பக்கம் நான். எங்களுக்கு நடுவே மைக்.

"உங்கள் நோயாளி உயிருக்குப் போராடியபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று மேடம் கேட்டார்.

"பக்கத்துக் கட்டில்ல, மேடம்."

"அது உங்களுக்கு ஒதுக்கிய கட்டிலா?"

"இல்லீங்க."

"பிறகு ஏன் போனீர்கள்?"

"அவருக்கு வேர்த்துது."

"உங்கள் நோயாளிக்கும்தான் இதயம் நின்றிருந்தது. அவருக்கு வேர்க்கவில்லையா?"

"மாப்பிள்ளைக்கு வேர்க்காது, மேடம்."

மூவரும் குனிந்து ஏதோ பேசிக்கொண்டார்கள். "வேர்க்காதது கருவியின் குறைபாடு. அதை நீங்கள் சாதகமாக்கிக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார் ஸ்டாப்வாட்ச்காரர்.

"டிரைவர் எப்படி இருக்கார்னு யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டது தெரிந்தது.

"அது இந்தக் குழுவின் வரம்புக்குள் வராது" என்றார் சர்ஜன்.

மேடம் எழுந்து நின்றார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது அவருக்கு. "உங்களிடம் நிறைய எதிர்பார்த்தேன். காத்திருப்பதில் உங்களைப்போல் மதிப்பெண் வாங்கியவர் இல்லை. ஆனால் நிஜமான ஒரு மனிதர் பக்கத்தில் இருந்தால் உங்கள் கவனம் சிதறுகிறது. இந்தப் பலவீனத்தை வைத்துக்கொண்டு பயிற்சித் துறையில் உங்களுக்கு எதிர்காலம் இல்லை. தேறவில்லை. வார்டு பொறுப்பாளரைப் போய்ப் பாருங்கள்."

என் கையிலிருந்த மஞ்சள் பட்டையை அவரே அவிழ்த்தார். அது இருந்த இடம் வெளுத்திருந்தது.

படியில் இறங்கும்போது அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களை அமைத்துப் பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு, சீருடையைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று அக்காவிடம் கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்று வார்டுக்குள் நுழைந்தேன். அக்கா ஒரு கையில் ஊசியும் ஒரு கையில் சிறுநீர்ப் பையுமாக எதிரே வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"பெயில், அக்கா."

அக்கா நின்றார். அவர் தானாக நின்று நான் பார்த்ததில்லை.

"நிஜமாவா? விளையாடலையே?"

"நிஜமாத்தான்."

"ஏய், இங்க வாங்க" என்று மற்ற இரண்டு நர்ஸ்களையும் கூப்பிட்டார். "புதுசு பெயிலாயிடுச்சு."

இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

"போன வருஷம் ரெண்டு பொண்ணுங்க வந்துதுங்க" என்றார் அக்கா. "தங்கமான பொண்ணுங்க. கஷ்டகாலம், ரெண்டும் பாஸாயிடுச்சுங்க. பாஸானவங்களைப் பயிற்சித் துறையிலேயே வச்சுக்குவாங்க. இப்ப ஒண்ணு மைக் புடிக்குது, இன்னொண்ணு பயிற்சிக் கூடத்து நாற்காலிகளைத் துடைச்சுக்கிட்டிருக்கு. அதுக்கு முந்தின வருஷமும் அப்படித்தான். பெயிலாகிறவங்களைத்தான் வார்டுக்கு அனுப்புவாங்க."

"அப்போ நீங்க?"

"நான் பெயில். இவ பெயில். அவ ரெண்டு தடவை பெயில்."

"ரெண்டு தடவை எப்படிக்கா?"

"முதல் தடவை நம்பலை, மறுபடி எழுதுறேன்னு போனேன்" என்றாள் அவள்.

ஊசியை வைத்துவிட்டு அக்கா ஒரு ஏப்ரனை என் கழுத்தில் மாட்டினார். "பதினஞ்சுல ஆரம்பிச்சுச் சுவரோரம் வரைக்கும் உன் கட்டில். டிரைவரும் உன்கிட்டதான். காலையிலேர்ந்து வாய் மூடலை மனுஷன், நல்லாயிட்டாரு. சீக்கிரம் வா."

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் அம்மாவுக்குப் போன் பண்ணினேன்.

"என்னடி ஆச்சு? பாஸா?"

"பெயிலாயிட்டேம்மா."

"அப்போ வேலை?"

"வேலை கிடைச்சிருச்சு."

"பெயிலானா எப்படிடீ வேலை குடுப்பாங்க? அங்க பைத்தியக்காரங்களா இருக்காங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். "பதினேழு" என்று அக்காவின் குரல் வாசல் பக்கத்திலிருந்து வந்தது. போனை அப்படியே ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். பதினேழாம் கட்டில்காரர் கட்டில் விளிம்பைப் பிடித்துக் குனிந்திருந்தார். பாத்திரத்தைத் தேடிப் பிடித்து அவர் நெற்றியில் ஒரு கையைக் கொடுத்துத் தாங்குவதற்குள், பாத்திரத்தை விட்டுவிட்டு என்மேலேயே வாந்தி எடுத்துவிட்டார்.

வெதுவெதுப்பாக இருந்தது.